தொண்ணூற்றெட்டு மார்க்

மீட்டர்காரர் ஒரு நாளைக்கு ஒரு சாமான்தான் வாங்குவார். திங்கட்கிழமை சோப்பு, செவ்வாய் ரொட்டி, புதன் பற்பசை, வியாழன் தீப்பெட்டி என்று வாரத்தைப் பங்கு போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிட்டால் மறுநாள் கடைக்குப் போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே, அதற்கு எங்கே போவது?

முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்துக் குறித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவர் மீட்டர்காரர்தான். உரிமையோடு சண்டை போட ஒரே ஒருத்தி இருந்தாள். அவளும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். வெளியூரில் இருந்த மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வச்சிடறேன். மூன்று வாக்கியம். மூன்றாவதுதான் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும்.

ஆகவே தினமும் நாலு மணிக்குத் தெருமுனைப் பேரங்காடிக்குப் போவார். அங்கே குளிர் இருந்தது, வெளிச்சம் இருந்தது, மனிதர்கள் குறுக்கும் நெடுக்கும் போனார்கள். பின்சுவரை ஒட்டிப் பதினொரு கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும், உள்ளே எவ்வளவு குளிர் என்று சிவப்பு எழுத்தில் ஒரு எண் ஒளிரும். எண்ணைப் பார்த்தால் மீட்டர்காரருக்குக் கை சும்மா இருக்காது. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, 4, 3, 4, 5 என்று பதினொன்றையும் வரிசையாகக் குறித்துக்கொள்வார். யாரும் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. குறித்து முடித்ததும் அன்றைய வேலை முடிந்த திருப்தியோடு ஒரு சாமானை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இப்படியிருக்கையில் அந்தக் கடைக்கு அறிவு வந்தது.

அதே கம்பெனியின் இன்னொரு கிளையில் பட்டப்பகலில் ஐந்து பேர் தள்ளுவண்டிகளோடு நுழைந்து, வேண்டியதை அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். தலைமை அலுவலகம் விழித்துக்கொண்டது. தூங்குகிறவன் விழித்தால் முதலில் பக்கத்தில் இருப்பவனைத்தானே உலுக்குவான்? கடையில் முப்பத்தாறு கேமராக்கள் முளைத்தன. வாசலில் தானாகத் திறக்கும் கதவும், பணம் கட்டாத சாமான் தாண்டினால் கூவும் கம்பமும் வந்தன. ஷேவிங் பிளேடைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டினார்கள். அந்தச் சாவியை இன்னொரு பெட்டியில் பூட்டினார்கள். அந்தப் பெட்டியின் சாவி மேலாளரின் இடுப்பில். பிளேடு வேண்டுமென்றால் ஒரு படிவம், மூன்று கையெழுத்து. ஷேவ் பண்ணிக்கொள்ள வந்த ஒருவர் தாடியோடு திரும்பிப் போனதாகப் பேச்சு.

கேமராக்கள் வெறுமனே பார்க்கிறவை அல்ல, மார்க் போடுகிறவை. தனியாக வந்தால் இருபது. சும்மா சுற்றினால் இருபது. தினமும் வந்தால் பதினெட்டு. கொஞ்சமாக வாங்கினால் பத்து. எதையாவது எழுதினால் முப்பது. அறுபதுக்கு மேல் போனால் சந்தேக நபர். மீட்டர்காரர் வாங்கியது தொண்ணூற்றெட்டு. பள்ளிக்கூடத்தில்கூட அவர் நாற்பத்தியொன்றைத் தாண்டியதில்லை.

இது எதுவும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு திங்கட்கிழமை உள்ளே நுழைந்தபோது வாசல் காவலாளி விறைப்பாக நின்று, அவருடைய கண்ணை நேராகப் பார்த்து, "வணக்கம் ஐயா! உங்களைப் பார்த்ததில் எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி!" என்றதுதான்.

மீட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"என்னையா சொல்றீங்க, தம்பி?"

"உங்களைத்தான் ஐயா. என்ன உதவி வேணும்?"

"சோப்பு. ஆனா அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

"பரவாயில்லை, கூட வர்றேன்."

காவலாளிக்குக் கடையில் நெட்டை என்று பெயர். கதவில் தொப்பி இடிக்கும் உயரம். ஐந்து நாள் பயிற்சி முடிந்து அவன் அன்றுதான் 'இழப்புத் தடுப்பு முதுநிலை நிர்வாகி' ஆகியிருந்தான். சம்பளம் பழையதுதான். பதவியின் பெயர்தான் பேட்ஜில் அடங்காமல் 'நிர்வா' என்பதோடு நின்றிருந்தது. சந்தேக நபரிடம் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், மூன்று அடி தூரத்தில் கூடவே நடக்க வேண்டும், அவர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி மேலாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது பயிற்சி.

சோப்பு அலமாரி முன்னால் மீட்டர்காரர் ரோஸ் சோப்பை எடுத்தார்.

"நல்ல சோப்பா ஐயா?" என்றான் நெட்டை. பேச்சை வளர்க்க வேண்டும் என்பதும் பயிற்சிதான்.

"வீட்டுக்காரி இதைத்தான் போடுவா. எனக்கு ஒத்துக்காது, கையெல்லாம் அரிக்கும்."

"அப்புறம் எதுக்கு வாங்கறீங்க?"

மீட்டர்காரர் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "வீட்டுக்குள்ள அந்த வாசனை வேணும்ப்பா" என்றார்.

"அட, அதுக்கு எதுக்கு அரிச்சுக்கிட்டுக் கெடக்கணும்? ரோஸைப் பிரிச்சு ஜன்னல்ல வச்சுடுங்க. குளிக்கறதுக்குப் பச்சை சோப்பு வாங்கிக்குங்க. ரெண்டாவது தட்டுல இருக்கு பாருங்க."

நல்ல யோசனை. அதைவிட நல்லது, சனிக்கிழமைக்கு ஒரு சாமான் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த அவருக்கு ஒரு பச்சை சோப்பு கிடைத்துவிட்டது.

அதிலிருந்து தினமும் இதேதான். அவர் நுழைவார், நெட்டை மூன்று அடி தூரத்தில் வந்து சேர்ந்துகொள்வான். இரண்டாவது நாளே அந்தத் தூரம் ஒன்றரை அடியாகிவிட்டது. வீட்டுக்காரியின் முழங்கால் வலி, மகனுக்குச் சின்ன வயதில் நாய் கடித்தது, ஒரு பெரிய மனிதர் வீட்டில் மீட்டருக்குள் பல்லி குடியிருந்தது என்று எல்லாம் சொன்னார். நெட்டை 'உம்' கொட்டிக்கொண்டே எழுதினான். அவன் எழுதுவது மீட்டர்காரருக்குப் பிடித்திருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டு எண்களை அவர் எழுதினார். இப்போது அவரை எழுத ஒரு ஆள்.

கடை திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னார். "ரொம்ப மரியாதையான பசங்க. ஒரு தடவை போய்ப் பாருங்க." பக்கத்து வீட்டுக்காரர் மனைவி மக்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "என்னை ஒருத்தனும் கண்டுக்கலையே" என்றார். மீட்டர்காரருக்கு உள்ளூர ஒரு பெருமை.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை அவரை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தேநீர் கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். பரிசு ஏதாவது விழுந்திருக்கும் என்று நினைத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் விளக்கை அணைத்தார். சுவரில் மீட்டர்காரர் தெரிந்தார். முன்னால், பின்னால், பக்கவாட்டில், உச்சியிலிருந்து, முப்பத்தாறு கோணத்தில். பிடரியில் முடி இவ்வளவு கொட்டியிருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லையே.

"பெரியவரே," பயிற்சியாளர் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியை அவருடைய படத்தின் மூக்கில் நிறுத்தினார். "கூட்டுத் திருட்டுன்னா என்ன? கூட்டமா வந்து திருடறது. ஆனா கூட்டமா வந்தா மாட்டிக்குவோம்னு அவங்களுக்குத் தெரியும். அதனால என்ன பண்ணுவாங்க? தனியா வருவாங்க. ஆகவே, ஒருத்தன் எவ்வளவுக்கு எவ்வளவு தனியா வர்றானோ, அவன் பின்னால அவ்வளவுக்கு அவ்வளவு பெரிய கூட்டம் இருக்கு. என் இருபது வருஷ அனுபவத்துல உங்களை மாதிரி இவ்வளவு தனியா ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை!"

மேலாளர் மரியாதையோடு தலையாட்டினார்.

"எனக்குப் பின்னால யாரும் இல்லீங்க" என்றார் மீட்டர்காரர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"நிஜமாவே யாரும் இல்லீங்க."

இரண்டாவது தடவை சொன்னபோது அவருடைய குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. 'குரல் தடுமாறியது' என்று மேலாளர் குறித்துக்கொண்டார். பிறகு நெட்டையின் அறிக்கையை எடுத்துப் படித்தார். "மாலை நாலு பத்து. வாடிக்கையாளர் தம் மனைவியின் முழங்கால் வலி பற்றி ஏழு நிமிடம் பேசினார். மனைவி உயிருடன் இல்லை." அதன் கீழே மேலாளரே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "முழங்கால் என்பது கிடங்கின் பின்வாசலா? ஆராயவும்."

மகனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார்கள்.

"உங்க அப்பாவோட சிநேகிதங்க யார் யாரு சார்?" என்றார் பயிற்சியாளர்.

"சிநேகிதங்களா? எனக்குத் தெரியலையே சார். நான் ஞாயித்துக்கிழமைதான் பேசுவேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே. அப்பா, இருக்கீங்களா? மாத்திரை போட்டீங்களா? நான் மீட்டிங்ல இருக்கேன், சரி வச்சிடறேன்."

"பார்த்தீங்களா!" பயிற்சியாளர் மேஜையைத் தட்டினார். "பெத்த பிள்ளைக்கே தெரியாம ஒரு கூட்டத்தையே மறைச்சு வச்சிருக்காரு!"

அடுத்து நோட்டு வந்தது. கடைசிப் பக்கத்தில் பதினொரு நாலுகள் வரிசையாக நின்றன. முந்தின நாள்தான் ஃப்ரிட்ஜுகளைப் பழுது பார்த்திருந்தார்கள். எல்லாம் ஒரே அளவில் ஓடின. அதைப் பார்த்து மீட்டர்காரர் சந்தோஷப்பட்டுக்கூட இருந்தார்.

"இது என்ன?"

"ஃப்ரிட்ஜ்ல எவ்வளவு குளிர்னு மேல போட்டிருக்கே, அதுங்க."

"உங்களை யார் குறிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

"யாரும் சொல்லாத வேலையை, சம்பளம் இல்லாம, தினமும் தவறாம எவனாவது செய்வானா?"

"இங்க சம்பளம் குடுத்தே செய்ய மாட்டேங்கறாங்க சார்" என்றார் மேலாளர், பெருமூச்சோடு.

மீட்டர்காரர் பாதி எழுந்துவிட்டார். வெளியே பத்தடி நடந்தால் ஃப்ரிட்ஜ். விரலை நீட்டிக் காட்டினால் முடிந்தது கதை. அப்போது பயிற்சியாளர் மேலாளரிடம் திரும்பிச் சொன்னார்: "சந்தேகம் தீர்ற வரைக்கும் இவர்கூட ஒரு ஆள் இருந்துக்கிட்டே இருக்கணும். தீர்ந்துட்டா லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாம். அப்புறம் யாரும் இவர் பக்கமே போக வேண்டியதில்லை."

மீட்டர்காரர் உட்கார்ந்தார். மிச்சத் தேநீரைக் குடித்தார்.

"ஆமாங்க, அது ஒரு மாதிரிக் குறிப்புதான்" என்றார்.

பயிற்சியாளரின் முகத்தில் இருபது வருஷத்து வெளிச்சம். அன்று சாயங்காலத்துக்குள் அவர் சங்கேதத்தை உடைத்துவிட்டார். நாலு மணி, நாலாவது ஃப்ரிட்ஜ், இன்றிலிருந்து நாலாம் நாள். ஆகக் கூட்டம் வரப்போவது செவ்வாய்க்கிழமை, பால் எடுக்க. மிச்ச எட்டு நாலுகள் நம்மைக் குழப்புவதற்கு.

வீட்டுக்குப் போன மீட்டர்காரருக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு யூனிட்கூடத் தப்பாகக் குறித்தவர் இல்லை. மறுநாள் பச்சை சோப்பு அலமாரி முன்னால் நெட்டையிடம் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அது வெறும் ஃப்ரிட்ஜ் நம்பர்தான்."

"தெரியும் ஐயா. முதல் நாளே பார்த்துட்டேன்."

"அடப்பாவி! அப்புறம் ஏன் சொல்லலை?"

நெட்டை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவனுடைய மனைவியும் பெண் குழந்தையும் வேறு ஊரில். "சொன்னா என்னை மறுபடி வாசல்ல நிறுத்திடுவாங்க ஐயா. ஒன்பது வருஷம் நின்னிருக்கேன். பாத்ரூம் எங்கன்னு கேக்கறதைத் தவிர ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. வாசல்ல நிக்கறவன்கிட்ட யார் வந்து மீட்டருக்குள்ள பல்லி இருந்த கதையைச் சொல்லப்போறாங்க?"

பயிற்சியாளர் போட்ட செவ்வாய்க்கிழமைப் பால் கணக்கையும் சொல்லிவிட்டு, அவனும் அவரோடு பச்சை சோப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பால்தானே," என்றார் மீட்டர்காரர் கடைசியில். "யாரும் வரமாட்டாங்க. செவ்வாய்க்கிழமை போனா எல்லாம் அடங்கிடும்."

"அடங்கிடும் ஐயா" என்றான் நெட்டை.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கே கடைச் சிப்பந்திகள் இருபத்து மூன்று பேரும் பால் பகுதியில் பதுங்கினார்கள். வெண்ணெய் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நாலு பேர். தயிர் வாளிகளுக்குப் பின்னால் ஆறு பேர். பில் போடும் பெண்கள்கூடக் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து, சாமான் வாங்குகிறவர்கள் மாதிரி ஒரே கூடையை மூன்று பேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பயிற்சியாளர் ஃப்ரிட்ஜுகளுக்குப் பின்னால் இருந்த குளிர் அறைக்குள் கம்பளிக் கோட்டோடு புகுந்து, இரண்டு பால் புட்டிகளுக்கு நடுவே கண்ணை வைத்துக்கொண்டார். புகுந்தவர் பின்கதவைச் சாத்தவில்லை.

நாலு மணிக்கு மீட்டர்காரர் வந்தார், நெட்டையும் கூட வந்தான். நோட்டைத் திறந்தார். முதல் ஃப்ரிட்ஜ் 4, இரண்டாவது 4, மூன்றாவது 5. நாலாவது ஃப்ரிட்ஜில் 7. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 8. கூட்டம், சங்கேதம், லிஸ்ட் எல்லாம் மறந்துபோய், "ஐயய்யோ, கதவைச் சாத்துங்க! பால் கெட்டுடும்!" என்று கத்திவிட்டார்.

அதுதான் கூட்டத்துக்குக் கொடுத்த சைகை என்று பயிற்சியாளர் உள்ளிருந்தே விசில் ஊதினார். இருபத்து மூன்று பேரும் பாய்ந்தார்கள். யார்மேல் பாய்வது என்பதைப் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. அந்த நேரம் பார்த்து அரை லிட்டர் பாலுக்குக் கையை நீட்டிய ஒரு பல் டாக்டர்மேல் பாய்ந்தார்கள்.

அதே நேரத்தில் கடையின் முன்பக்கம் ஐந்து பேர் நுழைந்தார்கள். நல்ல உடை, சிரித்த முகம். கேமராவைப் பார்த்து வணக்கம்கூடச் சொன்னார்கள். சேர்ந்து வந்தவர்கள், சும்மா சுற்றாதவர்கள், நிறைய எடுத்தவர்கள், எதையும் எழுதாதவர்கள். கேமரா ஐந்து பேருக்கும் சேர்த்துப் போட்ட மார்க் இரண்டு. பிளேடுப் பெட்டியைத் திறக்க மூன்று கையெழுத்து ஆகும் என்பதால் பெட்டியையே பெயர்த்துத் தள்ளுவண்டியில் வைத்தார்கள். வாசனைத் திரவியம், குழந்தைப் பால்மாவு, செல்போன் எல்லாம் ஏறின. வாசல் கம்பம் கூவியது. கூவினால் சிப்பந்தி வர வேண்டும். சிப்பந்திகள் எல்லோரும் டாக்டர்மேல் இருந்தார்கள். ஐந்து பேரும் நாகரிகமாகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கம்பத்தின் மின்சார பிளக்கைப் பிடுங்கினார்கள். வண்டியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால், வாசலில் வைத்திருந்த 'விழிப்பே பாதுகாப்பு' என்ற பலகையையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஊழியர் கூட்டத்தில் பயிற்சியாளர் பேசினார். சந்தேக நபர் என்ற முறையில் மீட்டர்காரரையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பயிற்சியாளருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. ஆனால் குரலில் ஒரு குறையும் இல்லை.

"நண்பர்களே, இது வெற்றி! பதினைந்து நாளா நாம ஒரே ஒரு ஆளைக் கண்காணிச்சோம். அந்த ஆள் ஒரு குண்டூசியாவது எடுத்தாரா? எடுக்கலை! நூத்துக்கு நூறு தடுப்பு! காணாமப் போன சாமான் எல்லாம் கண்காணிப்பு இல்லாத இடத்துல காணாமப் போச்சு. அது நம்ம திட்டத்துக்குள்ள வராது. ஆட்கள் சும்மா இருந்ததாலயா திருட்டு நடந்தது? இல்லையே! அத்தனை பேரும் கடமையில இருந்தாங்க. ஆக, தப்பு ஆட்கள்மேல இல்லை, ஆட்கள் இருக்கறதுலதான். இனிமே ஆட்களைக் குறைப்போம், கருவிகளைக் கூட்டுவோம்!"

ஆட்களே கை தட்டினார்கள்.

மீட்டர்காரருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அவர்மேல் இருந்த சந்தேகம் முற்றிலும் நீங்கியது, மார்க் பூஜ்யம், இன்றிலிருந்து அவர் 'நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளர்' என்று அச்சடித்திருந்தது. கூடவே ஒரு தங்க நிற அட்டை. நெட்டையின் அறுபது பக்க அறிக்கையைப் படித்துவிட்டு, இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவன் கேமரா அறையில்தான் இருக்க வேண்டும் என்று அவனை மாடிக்கு ஏற்றினார்கள். வாடிக்கையாளரோடு பேசினால் வேலை போகும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கடைக்குள் நுழைந்தால் கதவு தானாகத் திறந்தது. கதவைத் தவிர வேறு எதுவும் திறக்கவில்லை, ஒரு வாய்கூட. கல்லாவில் பெண்களுக்குப் பதில் நாலு இயந்திரங்கள். மிச்சமிருந்த இரண்டு சிப்பந்திகளுக்குப் புதுப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்: நம்பிக்கைக்குரியவர்களைப் பார்த்தால் அவர்கள் மனம் புண்படும், ஆகையால் பார்க்கக் கூடாது. அவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஃப்ரிட்ஜுகளின் நெற்றியில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. எண்கள்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு அப்படியே போயின. ஞாயிற்றுக்கிழமை மகன் கேட்டதற்கு, "போட்டேன், வச்சிடு" என்று அவரே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நாலு மணி. ரோஸ் சோப்பை எடுத்தார். அலமாரி முன்னால் வெகு நேரம் நின்றார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அதைச் சட்டைப் பையில் நோட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கூரையைப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வாசலுக்கு நடந்தார். காதுக்குள் அடிக்கிற சத்தம் தன் நெஞ்சா, கம்பமா என்று புரியவில்லை. கம்பம் இல்லை. அது பச்சை விளக்கைக் காட்டி, "நன்றி, மீண்டும் வருக" என்றது. நம்பிக்கைக்குரியவர் ஆயிற்றே!

தெருவில் நின்றார். சோப்பு கனத்தது. திருடினாலும் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை என்பது திருடியதைவிடக் கனமாக இருந்தது. திரும்ப உள்ளே போனார். சோப்பை அலமாரியில் வைத்துவிட்டு வேறு கடை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார். வைக்கும்போது சோப்பு கை தவறிப் பச்சை சோப்புகளின் மேல் விழுந்தது.

கூரையில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"வாடிக்கையாளர்களின் அன்பான கவனத்துக்கு," என்றது ஒரு குரல், எழுதியதைப் படிக்கிற மாதிரி. பிறகு நின்றது. தொண்டையைச் செருமியது. "ஐயா, அந்த ரோஸை எடுத்துக்குங்க. அதைப் பிரிச்சு ஜன்னல்ல வைங்க. குளிக்கறதுக்குப் பச்சை, ரெண்டாவது தட்டு. சனிக்கிழமை உங்க பச்சை சோப்பு நாளாச்சே, நீங்க அன்னிக்கு வாங்காமலே போயிட்டீங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

கடையில் இருந்த எட்டுப் பத்துப் பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலாளர் அறைக்கதவு தடாலென்று திறந்தது. மேலாளர் மாடிப்படியை நோக்கி ஓடினார். படி ஏற அரை நிமிஷம் ஆகும்.

மீட்டர்காரருக்குத் தலைக்குமேல் முப்பத்தாறு கேமராக்கள். எதைப் பார்த்துப் பேசுவது? பேசினாலும் மாடிக்குக் கேட்காது. ரோஸ் சோப்பு ஒன்று, பச்சை சோப்பு ஒன்று, இரண்டையும் எடுத்து, கைக்கு ஒன்றாகத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார். அப்படியே நின்ற இடத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார், எந்தக் கண்ணும் விட்டுப்போகாமல்.